இருபத்திரண்டாம் நிமிடம்

இந்தப் பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நான்கு பயிற்றுநர்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி மேலாளர் கேட்டார். உற்சாகமாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். கடலில் இருபத்து மூன்று ஆண்டுகள், இங்கே ஒன்பது ஆண்டும் சில மாதங்களும். இவற்றில் உற்சாகமாகச் சொல்ல எனக்கு ஏழெட்டு விஷயங்கள் உண்டு. அவற்றை எதிரே உள்ள டீக்கடையில் என்னைப் பிடித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதி வைக்க வேண்டியது ஒன்றுதான். அது என் தவறு.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் யாராவது படித்தாலும் விளங்கட்டும் என்பதற்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலுக்குள் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றைப் பழுதுபார்க்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் போகிறது. நங்கூரம் போடுவதில்லை. கம்ப்யூட்டர் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, அடியில் இருக்கும் விசிறிகளை ஓட்டி, கப்பலை ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது. கப்பலிலிருந்து காற்றாலைத் தூணுக்கு ஓர் இரும்புப் பாலம் நீளும். ஆட்கள் அதில் நடந்து போவார்கள். மேலே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்குக் கைவேலை அதிகமில்லை. கப்பல் இடம் பெயரத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும் சிவப்பு விளக்கைப் போட்டுப் பாலத்தில் யாரும் கால் வைக்காமல் நிறுத்த வேண்டும். பாலத்தில் இருப்பவர்களை ஏதாவது ஒரு கரையில் சேர்த்துவிட்டுக் கப்பலை விலக்க வேண்டும். அது எப்போது என்று முடிவு செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

நான் இந்த வேலையைக் கற்றது ஒரு கேப்டனிடம். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் எனக்கு எதையும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. நான் ரொட்டியை வாயில் வைத்திருக்கும்போது பின்னால் வந்து ஒரு கருவியின் இணைப்பைப் பிடுங்கிவிடுவார். செய்தித்தாளை விரித்துத் திரையை மூடிவிட்டு, “கப்பல் எங்கே இருக்கிறது, சொல்” என்பார். வெறும் கடலில், பாலம் நீட்டாத நேரத்தில்தான் செய்வார் என்றாலும் ரொட்டியைப் போட்டுவிட்டுக் கருவிகளுக்கு ஓடுவேன். ஒரு பருவத்தில் மட்டும் பதினான்கு முறை. தேதியோடு நோட்டில் குறித்து வைத்தேன், மேலே புகார் கொடுப்பதற்காக. கொடுக்கவில்லை. ஆனால் நான் கற்பிக்கும் நாள் வந்தால் யார் மேலும் இப்படிப் பதுங்கியிருந்து பாய மாட்டேன் என்று அதே பக்கத்தின் அடியில் எழுதினேன்.

அந்த நாள் வந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், ஒரு பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, இன்னொரு பக்கம் கோழித்தீவனக் கிடங்கு, நடுவில் இந்தக் கூடம். இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போக வேண்டும். உள்ளே ஏ.சி. அறையில் தடுப்புப் போட்ட எட்டு இருக்கைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று பெரிய திரைகளில் கடல் ஆடும். சுவருக்கு அப்பால் சுத்தியல் சத்தம் கேட்கும். நான் தேர்வுக்கு ஒரு முறை வகுத்தேன். எல்லோருக்கும் ஒரே வானிலை, ஒரே தூண், ஒரே கோளாறு.

கோளாறு இது. கப்பலின் இடத்தைச் சொல்ல மூன்று கருவிகள் இருக்கும். இரண்டு செயற்கைக்கோளை நம்புபவை. ஒன்று தூணில் ஒட்டிய பிரதிபலிப்பானைப் பார்க்கும் லேசர். செயற்கைக்கோள் கருவிகள் இரண்டும் ஒரே திருத்தச் சமிக்ஞையைக் கேட்பவை என்பதால் தவறினால் சேர்ந்தே தவறும். கம்ப்யூட்டர் வாக்கு எண்ணும். இரண்டு பேர் ஒன்று சொல்கிறார்கள், லேசர் மட்டும் வேறு சொல்கிறது, ஆகவே லேசரை ஒதுக்கு என்று முடிவெடுக்கும். பிறகு அந்த இரண்டின் பொய்க்குப் பின்னால் கப்பலை மெதுவாக நகர்த்தும். திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே தூண் விலகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கோளாற்றை இருபத்திரண்டாம் நிமிடத்தில் நுழைத்தேன். நிதானத்துக்கு வர இருபது நிமிடம், அசதி தட்ட இரண்டு நிமிடம் என்பது என் கணக்கு. ஒருவருக்குப் பத்தாம் நிமிடத்திலும் இன்னொருவருக்கு நாற்பதிலும் கொடுத்தால் அது நியாயமில்லை என்று நினைத்தேன். முதல் நான்கு குழுக்களின் முப்பத்திரண்டு பேரில் ஐந்து பேர் தவறினார்கள். ஐந்தாம் குழுவிலிருந்து ஒருவர்கூடத் தவறவில்லை. இருபத்தேழாம் குழு முடியும்வரை நூற்று எண்பத்திரண்டு பேர், அத்தனை பேரும் தேர்ச்சி. அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதி வைத்தேன். என் பாடம் மெருகேறிவிட்டது என்று நம்பினேன்.

ஒன்றைக் கவனித்தும் இருந்தேன். தேர்வு எழுதுபவர் டீ டம்ளரை இருபத்தோராம் நிமிடத்தில் கீழே வைப்பார். உள்ளங்கையைப் பேண்ட்டில் துடைப்பார். நிமிர்ந்து உட்காருவார். எல்லோரும் அப்படியே செய்தார்கள். ஒழுக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

விபத்துச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. மேலாளர் என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“சார், பத்தொம்பதாவது பேட்ச் தினேஷ் ஞாபகம் இருக்குதுங்களா? நாமகிரிப்பேட்டை.”

இருந்தது. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். பையன் அதிகம் பேசமாட்டான்.

ஐரோப்பாவை ஒட்டிய வட கடலில் ஒரு காற்றாலையின் அருகே தினேஷ் காவலில் இருந்திருக்கிறான். பாலம் நீட்டி இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. கப்பல் மெதுவாக விலகியது. சிவப்பு விளக்கைப் போட அவனுக்கு ஐம்பத்தொரு விநாடி பிடித்தது. அதற்குள் பாலம் தன் எல்லைக்கு நீண்டு, தூணிலிருந்து தானே கழன்று மேலெழுந்தது. அப்போது ஒரு தொழிலாளி அதன் முனையில் இருந்தார். அவர் பிழைக்கவில்லை.

கோளாறு என்ன என்று கேட்டேன். மேலாளர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். செயற்கைக்கோள் கருவிகள் இரண்டும் சேர்ந்து தவறின, லேசர் ஒதுக்கப்பட்டது. நான் தேர்வில் கொடுக்கும் அதே கோளாறு.

“விசாரணைக் குழு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்குது சார். இந்தக் கோளாறுக்கு இவருக்குப் பயிற்சி குடுத்தீங்களா, தேர்வு வெச்சீங்களான்னு. பத்து நாள் டைம். நம்ம ரெக்கார்டு சுத்தமா இருக்குது. நாலு செகண்ட்ல சிவப்பு போட்டிருக்கான். பேட்ச்லயே முதல். அதை அப்படியே அனுப்பிரலாம்.”

அனுப்பினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். நான்கு விநாடியில் செய்யத் தெரிந்தவன் ஐம்பத்தொரு விநாடி சும்மா இருந்தான் என்றால் அது அலட்சியம். சான்றிதழ் நிரந்தரமாகப் போகும். விபத்து நடந்த நாட்டில் வழக்கும் வரலாம். நம் கூடத்தின் மேல் ஒரு தூசியும் படாது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் சேலத்தில் பஸ் ஏறி, ராசிபுரத்தில் மாறி நாமகிரிப்பேட்டை போனேன். தினேஷின் வீடு மஞ்சள் மண்டிக்குப் பின்னால் இருந்தது. அவனை ஊருக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசலில் நான்கு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அவனுடைய அம்மா வெளியே வந்தார்.

“ஊட்டுக்குள்ள வாங்க சாமி. எந்திரிச்சுக் குளிக்கக்கூட மாட்டேங்கறான். நீங்களாச்சும் சொல்லுங்க.”

தினேஷ் எழுந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவன் மனைவி கவிதா தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“ஏனுங்க, நீங்கதான் அந்த நிமிசக்கார சாருங்களா?”

“கவிதா, சும்மா இரு” என்றான் தினேஷ்.

“என்ன சும்மா இரு? கல்யாணத்துக்கு வந்த உங்க சினேகிதருங்க அத்தனை பேரும் அப்படித்தானே சொல்லிச் சிரிச்சாங்க. இருபத்திரண்டு, இருபத்திரண்டுன்னு. எனக்குக்கூடத் தெரியும், சாருக்குத் தெரியாதுங்களாமா?”

எனக்குப் புரிய இரண்டு மூன்று மூச்சு பிடித்தது. தினேஷிடம் கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“எங்களுக்கு முந்தின பேட்ச்ல சொன்னாங்க சார். அவுங்களுக்கு அவுங்க முந்தின பேட்ச்ல. ஆஸ்டல காலி பண்ணும்போது பாய், பக்கெட்டு குடுப்பாங்கல்ல, அதோட இதையும் குடுத்துட்டுப் போவாங்க. மொத இருபது நிமிசம் ஊர்க்கதை பேசலாம், இருபத்தொண்ணுல டம்ளர வெச்சிரு, இருபத்திரண்டுல லேசரப் பாருன்னு.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே.”

“தெரிஞ்சே குடுக்கறீங்கன்னு நெனச்சோமுங்க. எல்லாத்தையும் எண்ணறவரு, இதை எண்ணாமயா இருப்பாருன்னு.”

அவன் கேலியாகச் சொல்லவில்லை. சொம்பை எடுத்துக் குடித்தேன். அன்று கப்பலில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

“பாலம் போட்டதும் நல்லாப் பாத்தேனுங்க சார். கண்ண எடுக்காமப் பாத்தேன். எப்பவும் அப்படித்தான் பாப்பேன். இருபத்திரண்டு நிமிசம் தாண்டுனதும் உடம்பு தானா எறங்கிருமுங்க. இனிமேல் ஒண்ணும் வராதுன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லிரும். அது தப்புன்னு தெரியும். தெரிஞ்சும் எறங்கிரும். அன்னிக்கு லேசர ஒதுக்கிட்டேன்னு திரையில வந்துச்சு. மழையில கண்ணாடி நனைஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். ஜன்னலப் பாக்கல.”

சொம்பைக் கையில் எடுத்தான், குடிக்காமல் கீழே வைத்தான்.

“அந்தாளு தெனமும் பாலத்துல கால் வெக்கறதுக்கு முன்னாடி மேல ஜன்னலப் பாத்து ஒரு கையத் தூக்குவாப்ல. நானும் தூக்குவேன். அன்னிக்கு அவரு தூக்கும்போது நான் குனிஞ்சு லாக் புக்கு எழுதிட்டிருந்தனுங்க.”

இதை விசாரணைக் குழுவுக்கு எழுதப் போகிறேன் என்றேன். அவன் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“வேண்டாமுங்க சார். நம்ம கூடத்துல படிச்ச எங்க மச்சான் ரெண்டு பேரு இப்பக் கடல்ல இருக்காங்க. எங்கக்கா ஊட்டுக்காரரு ஒருத்தரு, இவ அண்ணன் ஒருத்தரு. நீங்க எழுதுனா எல்லாத்தையும் எறக்கி உட்ருவாங்க. என்னோட போகட்டும்.”

“என்னோட போகட்டுமாம்” என்றாள் கவிதா. “ஏனுங்க, அப்ப நான்? ஆளக் கொன்னவன் பொண்டாட்டின்னு ஊர்ல பேசிட்டுத் திரியட்டுங்களா? சார், இவரு செஞ்சது தப்புத்தானுங்க. அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா முழுசும் இவரு தப்பாங்க?”

அவனுடைய அம்மா சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ்ஸில் நான் எண்ணியது ஒன்றைத்தான். நூற்று எண்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் இந்த நேரத்தில் எத்தனை ஜன்னல்களில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை.

ஆனாலும் ஒருவன் சொன்னதை மட்டும் வைத்து எழுதக்கூடாது என்று தோன்றியது. இருபத்தெட்டாம் குழு அப்போது பயிற்சியில் இருந்தது. எட்டுப் பேர். திங்கட்கிழமை எல்லோருக்கும் தேர்வு என்று அறிவித்தேன். அதே கோளாற்றை, யாருக்கும் சொல்லாமல், ஒன்பதாம் நிமிடத்தில் கொடுத்தேன். இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். ஆறு பேர் பாலம் கழன்று எழும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. யாரோ தவறுதலாக நேரத்தை மாற்றிவிட்டார்கள், புதன்கிழமை மறுதேர்வு என்று சொன்னேன். அது பொய். என் தொழிலில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் வருந்தவில்லை.

புதன்கிழமை நான் எந்தக் கோளாறும் கொடுக்கவில்லை. கடல் அமைதியாக இருந்தது. மூன்று கருவிகளும் ஒன்றையே சொல்லின. திரையில் இரண்டு உருவங்கள் பாலத்தில் நடந்தன. இருபத்தோராம் நிமிடத்தில் டம்ளர்கள் கீழே வந்தன. இருபத்திரண்டில் எட்டுப் பேரில் ஐந்து பேர் சிவப்பு விளக்கைப் போட்டுக் கப்பலை விலக்கினார்கள். ஒன்றுமே நடக்காத கப்பலை, பாலத்தில் இரண்டு ஆட்கள் இருக்கும்போது.

அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “ஏம்ப்பா விலக்கினாய்?”

“ரெண்டு ஜி.பி.எஸ்.ஸும் நகர்ந்துச்சுங்க சார். லேசர ஒதுக்கிருச்சு.”

“பார்த்தாயா?”

“பாத்தேனுங்க சார்.”

அவன் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உண்மையிலேயே பார்த்திருப்பான். அவ்வளவு நன்றாகக் கற்பித்திருக்கிறேன்.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். ஆறு பக்கம். தேர்வின் முறை, நிமிடம், எத்தனை ஆண்டுகள், திங்கள், புதன் இரண்டு நாட்களின் பதிவுகள், நூற்று எண்பத்திரண்டு பெயர்கள். தினேஷின் நான்கு விநாடி எதையும் நிரூபிக்காது, அது அவனுடைய திறமைக்கும் சாட்சி அல்ல, அலட்சியத்துக்கும் சாட்சி அல்ல என்று கடைசிப் பத்தியில் எழுதினேன். மேலாளர் நின்றுகொண்டே படித்தார்.

“கூடத்த மூடிருவாங்க சார்.”

“மூடலாம்.”

“நூத்தி எம்பத்திரண்டு குடும்பம். நம்ம பக்கத்துப் புள்ளைங்க. பாதிப் பேரு ரிக் வண்டிய விட்டுட்டு இதுல வந்தவங்க. பேரு இல்லாம எழுதுங்களேன்.”

“பெயர் இல்லாமல் எழுதினால் எந்தக் கப்பலுக்குச் சொல்லுவார்கள்?”

அவர் தாள்களை அடுக்கி உறையில் போட்டார். நல்ல மனிதர். கடிதத்தை அவரே அனுப்பினார்.

கூடத்தை மூடவில்லை. நான்கு மாதம் நிறுத்தி வைத்தார்கள். நூற்று எண்பத்திரண்டு பேரும் கப்பலிலிருந்து இறங்கி மறுதேர்வுக்கு வர வேண்டியிருந்தது. முதல் முறையில் நாற்பத்தொரு பேர் தவறினார்கள். தினேஷின் மச்சான்களில் ஒருவர் அதில் உண்டு. அவர் திரும்பவும் ரிக் வண்டிக்கே போய்விட்டார். அம்மாபேட்டையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் என்னைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் பார்த்தால் எதிர்ப்பக்கம் மாறிக்கொள்கிறான். இதுவரை மூன்று முறை. தேர்வு வைக்கும் பொறுப்பிலிருந்து என்னை விலக்கினார்கள். அது சரி. அதற்குத்தான் உங்கள் நால்வரையும் எடுத்தார்கள்.

தினேஷின் மேல் வழக்கு வரவில்லை. கவனக்குறைவும் குறைபாடான பயிற்சியும் சேர்ந்த காரணம் என்று அறிக்கை சொன்னது. சான்றிதழை நிரந்தரமாகப் பறிக்கவில்லை, மறுதேர்வு எழுதிப் புதிது வாங்கலாம் என்றார்கள். சென்ற மாதம் வந்தான். அவனைச் சோதித்தது உங்களில் ஒருவர்தான். எந்த நிமிடம் என்று என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் தாண்டிற்று. ஒரு மணி நேரம் தாண்டிற்று. பக்கத்துப் பட்டறையில் சாப்பாட்டு மணி அடித்துச் சுத்தியல் நின்றது. எழுபத்தாறாம் நிமிடத்தில் கொடுத்தீர்கள் என்று பிறகு அறிந்தேன். அவன் ஐந்து விநாடியில் சிவப்பைப் போட்டான்.

வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“அஞ்சு செகண்டாமுங்க சார்.”

“சொன்னார்கள்.”

“கண்ணு ஜன்னல உட்டு நகரவே இல்லைங்க. எழுபத்தாறு நிமிசமும்.” கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். “என்னால முடியுதுங்க சார். அதான் தாங்க முடியல.”

பிறகு வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

புதுச் சான்றிதழ் வந்து பத்தொன்பது நாள் ஆகிறது. அவன் வாங்க வரவில்லை. அவனுடைய எண்ணுக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்காம் முறை கவிதா எடுத்தாள். அவன் அப்பாவோடு ரிக் வண்டியில் வடக்கே போயிருப்பதாகச் சொன்னாள். சான்றிதழ் வந்திருக்கிறது, பெயர் சுத்தமாகிவிட்டது, தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

“அனுப்பாதீங்க சார்” என்றாள். “கையில கெடச்சா மறுபடியும் கடலுக்குக் கெளம்பிருவாரு. போனா நல்லாப் பாப்பாருங்க, அது எனக்குத் தெரியும். தெறந்த கண்ண மூட மாட்டாரு. இப்பவே தூங்கறதில்லைங்க. அது அங்கயே இருக்கட்டும்.”

அது அலுவலக அலமாரியில், மேல் தட்டில், பழுப்பு உறைக்குள் இருக்கிறது. நீங்கள் யாரும் தபாலில் அனுப்பிவிட வேண்டாம்.